வெள்ளம் வடிந்த தேதி

பெல்ஃபெரி, இந்தியானா
1986 செப்டம்பர் 14

அன்புத் தங்கை ஓபலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். நீயும் உன் முழங்கால் வலியும் எப்படி? அரிசோனா வெயிலில் வலி காய்ந்து உதிர்ந்துவிடும் என்று சொல்லிப் போனாயே, உதிர்ந்ததா?

உன் அத்தான் கிளைட் ஜூன் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எனக்குப் பேனா பிடிக்க நேரமில்லை. வலது பக்கம் இன்னும் அசையவில்லை. பேச்சில் இரண்டே சொல்தான் மிச்சம். ஒன்று "வேணாம்". இன்னொன்று "மெல்ல". முப்பத்துநாலு வருஷம் இழுவைப் படகு ஓட்டினாரே, கரையில் சேர்க்கும்போது ஆட்களைப் பார்த்துக் கத்துகிற அந்த "மெல்ல" மட்டும் பக்கவாதத்துக்குத் தப்பிவிட்டது. ஓட்ஸ் கஞ்சி ஊட்டினாலும் "மெல்ல", சட்டை மாட்டினாலும் "மெல்ல". டாக்டர் சிரிக்கிறார்.

மாடி ஏற முடியாததால் முன் அறையில் கட்டிலைப் போட்டுவிட்டேன். ஜன்னலுக்கு நேரே ஆறுதான், ஆனால் நடுவில் நம் வரலாற்றுத் தகடு நிற்கிறது. அந்த இடத்தை எழுபத்தாறில் நானே நாடா பிடித்து அளந்து குறித்தேன். படுத்தபடி பார்த்தால் ஆற்றுக்குப் பதிலாகத் தகட்டின் பச்சை முதுகு தெரிகிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபரில் பாரம்பரிய தினம். பேருந்து பேருந்தாக ஆட்கள் வருவார்கள். தகட்டை உரக்கப் படிப்பது இந்த வருஷமும் நான்தான். "படித்துறை வரிசை, 1851. ஒன்பது வீடுகள், வீட்டுக்கு ஏழு படிகள். 1884, 1913, 1937 வெள்ளங்களின் உயரம் இக்கற்களில் வெட்டப்பட்டுள்ளது. இப்படிகள் அன்றிருந்தபடியே இன்றும் உள்ளன." கடைசி வரி என்னுடையது. வரிக்கு இத்தனை எழுத்து என்று தகடு வார்த்தவர் கணக்குச் சொன்னபோது மற்றதையெல்லாம் குறைத்தேன், அதைக் குறைக்கவில்லை.

ஜூலையில் தேவாலயத்து ஆண்கள் இருவர் கிளைடை நாற்காலியோடு தூக்கித் தெருவில் இறக்கினார்கள். ஆகஸ்டில் மறுபடி. அன்று நாலாவது படியில் ஒருவருக்குக் கால் வழுக்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வெர்னா


டூசான், அரிசோனா
1986 செப்டம்பர் 28

அருமை அக்காவுக்கு,

ஓபலின் வணக்கமும் முத்தமும். முழங்கால் உதிரவில்லை, கூடவே வந்துவிட்டது. மற்றபடி சுகம். இங்கேயும் ஓர் ஆறு உண்டு. அதில் தண்ணீர் கிடையாது. அதற்கு ஐந்து பாலம் கட்டியிருக்கிறார்கள். அத்தானிடம் சொல், சிரிப்பார்.

"பெரிதாக ஒன்றுமில்லை" என்று நீ எழுதினால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். உன்னோடு அறுபது வருஷப் பழக்கம் எனக்கு. ஆகஸ்டுக்குப் பிறகு அத்தான் வெளியே வந்தாரா இல்லையா? அதைச் சொல்.

பின்வாசல் வழியாக முடியாது என்று எனக்கே தெரியும். ரயில்பாதைச் சுவர் மூக்கை இடிக்கும். அப்படியானால் முன்னால் ஒரு சாய்தளம் போடேன். மரத்தில் அடித்தால் போதும். முப்பத்தேழு வெள்ளத்தில் வீட்டுக்கு வீடு பலகை போட்டு நடந்தோமே, எனக்குப் பன்னிரண்டு வயது, நீ என் பின்னலைப் பிடித்துக்கொண்டே வந்தாய். விழுந்தால் பின்னல் மட்டும் கையில் மிஞ்சும் என்று நான் அழுதேன். அந்த மாதிரிப் பலகை இப்போதும் வரிசை வீடுகளில் எல்லார் நிலவறையிலும் கிடக்கும்தானே?

டெல்ஃபின் ரஸ்க் எப்படி இருக்கிறாள்? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி, இப்போது கிறிஸ்துமஸுக்கு வெறும் கையெழுத்துப் போட்ட அட்டைதான் வருகிறது. இரண்டு வீடு தள்ளித்தானே இருக்கிறாள், நீ பார்ப்பாயே. அவள் அம்மா கிளாரா இருக்கிறார்களா? அவர்கள் சுடுகிற பிளம் கேக்குக்காகவே நான் டெல்ஃபினோடு சண்டை போடாமல் இருந்தேன்.

அத்தானுக்கு என் அன்பு. பதிலை எதிர்பார்க்கும்,

ஓபல்


பெல்ஃபெரி
1986 நவம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே குளிர் வந்துவிட்டது, நாங்கள் சௌக்கியம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. பாரம்பரிய தினம், அதன் பிறகு நன்றிக் கடிதங்கள். நம் மரத்துப் பெர்சிமன் பழத்தில் புட்டிங் செய்தேன். கிளைட் இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

கேட்டாய், சொல்கிறேன். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. தேவாலயத்து ஆட்கள் வந்தால் கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு "வேணாம்" என்கிறார். அந்தப் பிடியை என்னால் விடுவிக்க முடியவில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயம் அல்ல அது. ஊர் பார்க்க மூட்டை மாதிரி தூக்கப்படுவது பிடிக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியாதா?

சாய்தளம் போடு என்று எளிதாக எழுதிவிட்டாய். வரிசை வீடுகளுக்கு விதி இருக்கிறது. முன்படிகளை மறைக்கக் கூடாது, மாற்றக் கூடாது, மேலே எதையும் பொருத்தக் கூடாது. விதிவிலக்கு வெள்ளப் பலகைக்கு மட்டும். ஆறு ஃபெரி தெரு முனைக் கல்லைத் தொட்டால் பலகை போடலாம், செயலாளர் பதிவேட்டில் "வெள்ளம் வடிந்தது" என்று எழுதிய மறுநாள் எடுத்துவிட வேண்டும். நகராட்சி முத்திரை குத்திய விதி. எழுதியது யார் என்று நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், நான்தான். அந்தக் காலத்தில் ஆளாளுக்குக் கல்லைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். 1884 வெள்ளக் கோட்டின் மேல் ஒருவன் தபால் பெட்டியை ஆணியடித்துவிட்டான். யாராவது நிறுத்த வேண்டியிருந்தது.

ஆனாலும் பாரம்பரியக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். டிசம்பர் கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள். பதினாலு வருஷம் செயலாளராக உழைத்தவளை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள்.

இங்கே எல்லாரும் நலம். இந்த வருஷம் இலை அதிகம் உதிர்ந்திருக்கிறது.

உன் அக்கா,
வெர்னா


டூசான்
1986 நவம்பர் 12

அக்கா,

சுகம், சுகம், சுகம். அந்தப் பகுதி முடிந்தது.

ஊருக்குத்தான் உபதேசம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தன் உபதேசத்தில் தானே மாட்டிக்கொண்டு முழிப்பவளை இப்போதுதான் பார்க்கிறேன். நீ எழுதிய விதிதானே? எழுதிய கை அழிக்காதா? நாலு பலகையை வாங்கி அடித்துவிட்டு, வந்து கேட்டால் கேட்கட்டும் என்று இரு. அறுபத்தேழு வயதுக் கிழவியைப் பிடித்து உள்ளேயா தள்ளப் போகிறார்கள்?

ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை ஒரு மனிதர் தகட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது. ஆற்றைப் பார்க்காமல் ஒரு வாரம் இருந்தால் மளிகைக் கடைக்காரனிடம் சண்டை போடுகிற ஆள் அவர்.

டெல்ஃபினைப் பற்றிக் கேட்டேன். இலையைப் பற்றி எழுதியிருக்கிறாய். கிளாரா அம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது இருக்கும். இருக்கிறார்களா, இல்லையா?

கோபமும் அன்பும் கலந்து,
ஓபல்


பெல்ஃபெரி
1986 டிசம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உனக்குப் பின்னிய கம்பளி உறை தனிப் பொட்டலமாக வரும், முழங்காலுக்கு. இங்கே கிளைடுக்குக் கொஞ்சம் சளி. பயப்பட ஒன்றுமில்லை.

கூட்டம் ஒன்பதாம் தேதி நடந்தது. தலைவர் இப்போது வெண்டல் பிரைன், உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறான், முப்பது வயது. நல்ல பையன். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். அன்றும் எழுந்து நின்றான். நின்றபடியே என் பழைய கோப்பைத் திறந்தான்.

"வெர்னா அம்மா, எனக்கு இதுல ரொம்ப சங்கடம். ஆனா நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. 'ஒரு வீட்டுக்கு இளகினால் ஒன்பது வீட்டுக்கும் இளக வேண்டும்.' இதைவிட அழகா யாரால சொல்ல முடியும்?"

"அதை எழுதினப்ப எனக்கு வயசு கம்மி, வெண்டல்."

"அறுபதும்மா உங்களுக்கு. தேதி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவன் ஒரு முன்னுதாரணத்தைப் படித்தான். இதே மாதிரி ஒரு விண்ணப்பம் முன்பு வந்திருக்கிறது, குழு மறுத்திருக்கிறது. அன்று அவர்களுக்கு மறுத்துவிட்டு இன்று செயலாளர் வீட்டுக்கு அனுமதித்தால் ஊர் என்ன சொல்லும் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஐந்து பேரில் நாலு பேர் மறுத்தார்கள். ஐந்தாவது நான், என் விஷயம் என்பதால் ஓட்டுப் போடக் கூடாது. அதுவும் என் விதி.

கூட்டக் குறிப்பு எழுதுவது செயலாளர் வேலை. என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை நானே எழுதினேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

வீட்டுக்கு வந்து படியேறும்போது, முதல் முறையாக, ஏழு படியையும் எண்ணினேன்.

புது வருஷம் நல்லபடி பிறக்கட்டும்.

வெர்னா


டூசான்
1987 ஜனவரி 4

அன்புள்ள அக்கா,

கம்பளி உறை வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அத்தானின் சளி எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

இங்கே வந்துவிடுங்கள் இருவரும். என் வீட்டில் ஒரு படி கூடக் கிடையாது. கதவைத் திறந்தால் மண். அத்தானைக் கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, தண்ணியில்லாத ஆற்றைக் காட்டித் திட்டச் சொல்லலாம். ஒரே ஒரு நாள், எப்படியாவது கீழே இறக்கிக் காரில் ஏற்றிவிடு.

எழுதும்போதே தெரிகிறது, அவர் "வேணாம்" என்பார்.

அந்த முன்னுதாரணம் யார் வீடு, அக்கா? வரிசையில் ஒன்பது வீடுதான். நடக்க முடியாத ஆள் எத்தனை வீட்டில் இருந்திருப்பார்கள்? இரண்டு முறை கேட்டேன், இது மூன்றாவது முறை. கிளாரா ரஸ்க் அம்மா எங்கே?

ஓபல்


பெல்ஃபெரி
1987 பிப்ரவரி 22

ஓபலுக்கு,

ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. சளி போய்விட்டது, அதற்காக அல்ல. நாலு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது.

எழுபத்தொன்பது மார்ச்சில் ஆறு தெருமுனைக் கல்லைத் தொட்டது. எல்லாரும் வழக்கம்போல் பலகையை எடுத்தோம். நாம் திண்ணைக்குத் திண்ணை கிடையாகத்தான் போடுவோம், உனக்குத் தெரியும். டெல்ஃபின் மட்டும் சரிவாகப் போட்டாள். அவள் மச்சினர் ராய் தச்சர். இருபத்தெட்டு அடி நீளம், மூன்று துண்டு, சக்கரம் வெளியே போகாதபடி இரு ஓரத்திலும் விளிம்பு வைத்து முன்கூட்டியே செய்து வைத்திருந்தார். கிளாரா அம்மாவுக்கு அப்போது எண்பத்தொன்று. கால் போய் ஒரு வருஷமாக உள்ளேயே கிடந்தார். அந்தப் பலகையில் அவரை இறக்கி, கரை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாலு நாள். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "வெர்னா, வாடி இங்க! எப்படிப் போகுது பாரு ஆறு, மாடு கணக்கா!" எனக்கு அன்று பதிவேட்டில் அளவு எழுதும் வேலை இருந்தது. நான் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் கல்லைவிட்டு இறங்கியது. ஒன்பதே கால் மணிக்கு "வெள்ளம் வடிந்தது" என்று எழுதினேன். மறுநாள் பலகைகள் எடுக்கப்பட்டன.

அந்த வாரமே டெல்ஃபின் கேட்டாள், அம்மா இருக்கும்வரை பலகையை விட்டுவைக்கட்டுமா என்று. குழுவில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மறுப்புக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன், நல்ல தாளில்.

கிளாரா அம்மா 1981 நவம்பரில் போய்விட்டார். அந்த நாலு நாளுக்குப் பிறகு அந்தப் படியில் அவர் ஒரே ஒரு முறைதான் இறங்கினார். ஆறு பேர் தூக்கினார்கள். அதில் ஒருவர் கிளைட்.

துக்கத்துக்கு உலர்திராட்சை வைத்த அப்பம் சுட்டுக்கொண்டு போனேன். டெல்ஃபின் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் பாத்திரம் கழுவித் துடைத்து என் முதல் படியில் இருந்தது. உள்ளே இருந்தது எங்கே போனது என்று தெரியாது. ஐந்து வருஷமாக அவள் என்னோடு பேசவில்லை, நானும் பேசப் போகவில்லை. அவள் பேசாததால் நான் பேசவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளப் பலகை விதி எனக்கு நினைவில்லாமல் இல்லை, ஓபல். ஆறு ஏறட்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்கு முகமில்லை.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கவில்லை.

வெர்னா


டூசான்
1987 மார்ச் 3

அக்கா,

படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு பிளம் கேக் நினைவு வந்து அழுதேன். பிறகு மறுபடி கோபம்.

எனக்கு இனி எழுதாதே. எனக்கு எழுதுவது உனக்குச் சுலபம். இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன், கதவைச் சாத்த மாட்டேன். இரண்டு வீடு தள்ளிப் போ.

ஓபல்


பெல்ஃபெரி
1987 ஏப்ரல் 12

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் அத்தான் மிகவும் சுகம். ஏன் என்று கேள்.

உன் கடிதம் வந்த பிறகு மூன்று முறை டெல்ஃபின் வீட்டுப் படி வரை போனேன். மூன்று முறையும் திரும்பினேன். அறுபத்தேழு வயதில் இப்படி ஒரு கோழை எனக்குள் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. கடைசியில் நான் போகவில்லை, ஆறுதான் வந்தது. ஏப்ரல் ஆறாம் தேதி காலையில் தெருமுனைக் கல் நனைந்தது. வெண்டல் எல்லாக் கதவையும் தட்டி அறிவித்துவிட்டுப் போனான். ஊரெல்லாம் நிலவறையிலிருந்து பலகை இழுக்கும் சத்தம். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. டெல்ஃபின். பின்னால் ராய், அவருக்குப் பின்னால் தெருவில் மூன்று நீளப் பலகைகள், விளிம்பு வைத்தவை. எட்டு வருஷம் நிலவறையில் வைத்திருந்திருக்கிறாள். அவள் கையில் ஒரு தாள். என் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

"படி," என்றாள்.

"டெல்ஃபின், நான் வந்து..."

"வந்தே, மூணு தடவை வந்தே, ஜன்னல் வழியாப் பாத்தேன். மன்னிப்பெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப இதைப் படி. சத்தமா, அந்தத் தகட்டைப் படிப்பியே பஸ்காரங்களுக்கு, அந்தக் குரல்ல."

வாசலில் நின்று படித்தேன், ஓபல். "இப்படிகள் தனியொருவரின் வசதிக்கானவை அல்ல, வருங்காலத் தலைமுறையினரின் சொத்து. தாங்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள் என்ற நம்பிக்கைக்கு முன்கூட்டிய நன்றி." அடுத்த வீட்டுக்காரர்கள் பலகையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். பாதியில் நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். முழுதும் படித்தேன், தேதி வரைக்கும்.

"எங்கம்மாவும் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டா," என்றாள். "கேட்டுட்டு, 'வெர்னா எவ்ளோ அழகா எழுதறா'ன்னா. அவ்ளோதான் சொன்னா."

தாளை மடித்து அவளிடம் கொடுத்தேன்.

"ராய், பலகையைத் தூக்கு. இங்க பாரு வெர்னா, இது உனக்காக இல்ல. கிளைட் எங்கம்மாவைத் தூக்கினவர். அவரு உள்ள கிடந்து சாகக் கூடாது."

எல்லா வீட்டுக்கும் ஏழு படி, ஒரே உயரம். எங்கள் வாசலுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. பலகை வீட்டு முகப்பை ஒட்டிச் சரிந்து, நடுவில் உள்ள காலி வீட்டைத் தாண்டி, டெல்ஃபின் வாசலுக்கு அருகில் தரையைத் தொடுகிறது. கிளைடை நாற்காலியில் உட்கார்த்தி வாசலுக்குக் கொண்டுவந்தேன். "வேணாம்" என்று சொல்வார் என்று பயந்தேன். அவர் பலகையைப் பார்த்தார், ராய் பின்னால் கட்டிய கயிற்றைப் பார்த்தார், முடிச்சை இடது கையால் இழுத்துச் சோதித்தார். பிறகு சொன்னார், "மெல்ல."

மெல்லத்தான் இறக்கினோம். ராய் கயிற்றில், நான் ஒரு பக்கம், டெல்ஃபின் ஒரு பக்கம். வழி முழுக்க அவர் "மெல்ல, மெல்ல" என்று எங்களை ஓட்டினார். கரையில் சேர்த்ததும் நிறுத்தினார்.

தகட்டுக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டி, பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் அது அவருக்கு முதுகைக் காட்டியதே. மதியம் நிலக்கரி ஏற்றிய இழுவைப் படகு ஒன்று போனது. இடது கையைத் தூக்கினார். படகு இரண்டு முறை ஊதியது. யாரோ பழைய ஆள் அவரைக் கண்டுகொண்டான். நான் தெருவில் நின்று அழுதேன். டெல்ஃபின் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

தினமும் இறக்குகிறோம். தண்ணீர் நேற்றிலிருந்து குறைகிறது.

உன் அக்கா,
வெர்னா


டூசான்
1987 ஏப்ரல் 21

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டினேன், அவளும் அழுதாள், அவளுக்கு நம் யாரையும் தெரியாது. அத்தானின் கையை என் சார்பில் பிடித்துக்கொள். இடது கையை.

சந்தோஷத்தில் மண்ணைப் போடவில்லை, ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. தண்ணீர் குறைகிறது என்று எழுதியிருக்கிறாய். இதற்குள் வடிந்திருக்கும். பதிவேடு உன் கையில். உன்னை எனக்குத் தெரியும், வாழ்நாளில் ஒரு தேதியை நீ தவறாக எழுதியதில்லை. எப்போது எடுக்கிறார்கள்?

நெஞ்சு படபடக்க,
ஓபல்


பெல்ஃபெரி
1987 ஆகஸ்ட் 16

அன்புத் தங்கை ஓபலுக்கு,

இருவரும் நலம். நாலு மாதம் பதில் போடவில்லை. முதலில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, பிறகு எழுதினால் எங்கே முடிந்துவிடுமோ என்று பயம்.

மழையே இல்லை. ஆறு சுருங்கி, கென்டக்கி பக்கம் மணல் திட்டு தெரிகிறது. அதில் ஆட்கள் குடை நட்டுப் படுத்திருக்கிறார்கள். கிளைட் நேற்றும் கரை மேட்டில் உட்கார்ந்து அவர்களை முறைத்தார். வெயிலில் மூக்கு உரிந்திருக்கிறது.

ஏப்ரல் பதினாலாம் தேதி காலை தண்ணீர் கல்லைவிட்டு இறங்கியது. நான் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தேன், பதிவேட்டைத் திறந்தேன், பேனாவை எடுத்தேன். தேதியும் எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே அவர் தொப்பி தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மற்ற வீட்டுக்காரர்களும் தாங்களாகவே பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். எங்களுடையது கிடக்கிறது.

ஜூனில் வெண்டல் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெர்னா அம்மா, ஆறு இறங்கி ரெண்டு மாசம் ஆச்சு."

"பதிவேட்டுல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலியேம்மா."

"போடலேன்னா வடியல. யாரு எழுதினா வடிஞ்சதா அர்த்தம்னு விதி?"

"செயலாளர்."

"விதி எழுதினது யாரு?"

"நீங்கதான்." திரும்பி ஆற்றைப் பார்த்தான், கிளைடைப் பார்த்தான். "விதிப்படி பார்த்தா நீங்க சொல்றது சரிதான்மா," என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே நிம்மதியோடு போனான். அவனை மடக்கியதில் எனக்குப் பெருமை இல்லை. அந்தப் பையன் என்னை நம்புகிறான்.

வருகிற டிசம்பரில் ராஜினாமா செய்துவிட்டு ஓய்வெடுக்க நினைத்திருந்தேன், இனி முடியாது. வேறொரு செயலாளர் வந்தால் அன்றைக்கே எழுதிவிடுவார். கிளைட் இருக்கும்வரை இந்தப் பதிவேட்டை நான் கைவிட முடியாது. முன்பு படியில் மாட்டிக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு காலி வரியில்.

டெல்ஃபினிடம் நானே போய்ச் சொன்னேன். இந்த முறை திரும்பி வரவில்லை, கதவைத் தட்டினேன். கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

"உன் புருஷனுக்கு நாலு மாசம் வெள்ளம்," என்றாள். "எங்கம்மாவுக்கு நாலு நாள்."

"ஆமா."

"அப்பவும் பேனா உன் கையிலதானே இருந்துது."

"ஆமா, டெல்ஃபின்."

கதவு சாத்திக்கொண்டது. பலகையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், அது அவளுடையது, கேட்கும் உரிமை எனக்கில்லை என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் சுத்தியல் சத்தம். பலகையின் நடுத்துண்டில் ஒரு விளிம்பு தளர்ந்திருந்தது. முழங்காலில் உட்கார்ந்து அவளே ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். நான் காப்பி கொண்டுபோனேன். குடித்தாள். கோப்பையைக் கழுவாமல் அப்படியே என் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை பேருந்தில் வருகிறவர்கள் கேட்கிறார்கள், மற்ற வீட்டிலெல்லாம் இல்லாத பலகை இங்கே மட்டும் ஏன் என்று. வெள்ளம் இன்னும் வடியவில்லை என்கிறேன். மணல் திட்டைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், வயதானவள் என்று தலையாட்டிக்கொள்கிறார்கள். தகட்டைப் படிக்கும்போது கடைசி வரியை இப்போது படிப்பதில்லை.

எழுபத்தொன்பதின் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "மார்ச் 19, காலை 9.15. வெள்ளம் வடிந்தது." கீழே என் கையெழுத்து, திருத்தம் ஏதுமில்லை. அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை. அது உண்மை, ஓபல். அன்றைக்கு நிஜமாகவே வடிந்திருந்தது. அது அப்படியே இருக்கட்டும், எழுதியது யார் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும்.

நேரமாகிறது. அவரை உள்ளே கொண்டுவர வேண்டும், டெல்ஃபின் கயிற்றோடு வந்து நிற்கிறாள்.

உன் அக்கா,
வெர்னா